‘எந்தப் பயமும் ஒரே நாளில் போகும்’ என்று சொல்லும் மையங்களில் பணம் கட்டாதீர்கள்

மதுரைக்காரர்கள் கட்டாயம் படிக்கவும், மற்ற ஊர்க்காரர்களும்தான், ஏனென்றால் இந்த மாதிரி விளம்பரம் இப்போது எல்லா ஊரிலும் வருகிறது. ஹிப்னாடிசம், என்எல்பி (பேச்சாலும் கற்பனையாலும் மனதை மாற்றுவதாகச் சொல்லும் முறை) என்று என்னென்னவோ சொல்லி இப்படி ஒரு மையத்தில் என் தங்கையிடம் 18,000 ரூபாய் வாங்கிக்கொண்டார்கள்.

அவளுக்கு ஊசி, ரத்தம் என்றால் பயம். வெறும் பயம் இல்லை, மயங்கி விழுந்துவிடுவாள். தைராய்டு இருப்பதால் பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்காமல் தப்பவும் முடியாது. அந்த மையத்து ஆள் அவளைக் கண்ணை மூடச் சொல்லி, உடம்பை நன்றாகத் தளர்த்தச் சொல்லி, லேபிலும் இதையே செய்யுங்கள், பயமே வராது என்று அனுப்பிவிட்டார். அவளும் அப்படியே செய்தாள். நாற்காலியிலிருந்து சரிந்து, நெற்றி கிழிந்து, கடைசியில் அதே ஊசியால் தையல் போட வேண்டியதாகிவிட்டது. இதை நினைத்தால் இன்னும் எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை.

நாய், உயரம், லிஃப்ட் போன்ற பயங்களில் படபடப்பு வரும், பிரஷர் ஏறும், மயக்கம் அபூர்வம். ரத்தம், ஊசி பயத்தில் மட்டும் முதலில் ஏறுகிற பிரஷர் சட்டென்று இறங்கிவிடும், மயக்கம் அதனால்தான். இறங்குகிற நேரத்தில் உடம்பைத் தளர்த்தச் சொல்பவருக்கு இந்தப் பயத்தைப் பற்றி அடிப்படையே தெரியாது என்று அர்த்தம். செய்ய வேண்டியது நேர்மாறானது: கை, கால், வயிற்றுத் தசைகளைப் பத்துப் பதினைந்து வினாடி இறுக்கிப் பிடித்து, முகம் சூடேறியதும் விட்டு, கொஞ்சம் பொறுத்துத் திரும்பச் செய்வது. சுவீடன் உளவியலாளர் லார்ஸ்-யோரன் ஓஸ்ட் 1980களிலேயே வகுத்த முறை இது. அப்புறம், ஒரே அமர்வு என்பதே பொய் என்றும் நான் சொல்லவில்லை. அதே ஓஸ்டின் மூன்று மணி நேரம் வரை போகும் சிகிச்சை உண்டு, ஆனால் அதில் பயப்படும் பொருளை நம் சம்மதத்தோடு படிப்படியாக எதிர்கொள்ள வைப்பார்கள். அந்த மையத்தில் ஒரு சிரிஞ்சைக்கூட அவள் கண்ணில் காட்டவில்லை.

இப்போது பெரியாஸ்பத்திரி மனநலப் பிரிவில் பார்க்கிறோம். தசை இறுக்கும் பயிற்சி, முதலில் படம், அப்புறம் மூடி போட்ட சிரிஞ்ச், அப்புறம் படுத்தபடி ரத்தம் கொடுப்பது என்று நிதானமாகப் போகிறார்கள். போன வாரம் மயங்காமல் கொடுத்துவிட்டாள்.

அந்த மையத்தில் பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, உங்கள் தங்கைக்கு மாற வேண்டும் என்ற எண்ணமே இல்லை என்றார்கள். அடிபட்டவள் மேலேயே பழி!

யாரிடம் போனாலும் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்டா, இந்திய மறுவாழ்வு கவுன்சில் பதிவு எண் என்ன என்று முதலிலேயே கேளுங்கள். மாத்திரை தந்தால் அவர் டாக்டர்தானா என்று பாருங்கள். எங்கே போவது என்று தெரியாவிட்டால் 14416-க்குக் கூப்பிடுங்கள், அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண், இலவசம், தமிழிலேயே பேசலாம். நாங்கள் நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் கொடுத்திருக்கிறோம். அந்த மையம் தந்த பில்லில் சிகிச்சை என்ற சொல்லே இல்லை, ‘பயிற்சி வகுப்பு’ என்றுதான் இருக்கிறது, அதனால் பணம் கட்டும் முன்பே பில்லில் என்ன எழுதித் தருவார்கள் என்று கேட்டுவிடுங்கள்.