எஞ்சினைத் திறக்காமல் பார்ப்பது: ஒரு பழைய செஸ்னாவுடன் ஒன்பது ஆண்டுகள்

அமெரிக்காவின் வடகிழக்கு ஓஹாயோவில் மக்காச்சோள வயல்களுக்கு நடுவே ஒரு சிறிய விமான நிலையம். அங்கே நிற்கும் 1975ஆம் ஆண்டு செஸ்னா 172எம் என்ற சிறு விமானம் ஒன்றில் எனக்கு மூன்றில் ஒரு பங்கு. வாங்கி ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. மற்ற இரு பங்குதாரர்களில் ஒருவர் தொழிற்சாலையில் கருவிகள் செய்து ஓய்வு பெற்ற பெரியவர். நாற்பது வருடமாகப் பறப்பவர். இன்னொருவர் பள்ளி ஆசிரியை. எஞ்சினைப் பற்றி இன்று எனக்குத் தெரிந்ததில் பாதி, பெரியவரோடு வாதாடித் தெரிந்துகொண்டது.

விமானத்தைப் பற்றித் தனியாக எழுத அதிகம் இல்லை. மெதுவாகப் போகும், பொறுமையானது, ஓட்டுபவரின் சிறு தவறுகளை மன்னிக்கும். நான் எழுத நினைப்பது அதன் எஞ்சினுக்கு வந்து குவியும் அறிவுரைகளைப் பற்றி. பொழுதுபோக்காகப் பறப்பவர்கள் நான்கு பேர் ஒரு ஹேங்கரில் கூடினால் ஐந்து கருத்துகள் வரும். அவற்றில் எதைக் கேட்டோம், எதைக் கேட்டுக் கெட்டோம், எதை இன்னும் முடிவு செய்யவில்லை என்று எழுதி வைத்தால், புதிதாகப் பங்கு வாங்குபவர் யாருக்காவது உதவும்.

எஞ்சின் லைக்கமிங் ஓ-320-இ2டி. நான்கு சிலிண்டர், காற்றால் குளிர்வது, 150 குதிரைத் திறன். ஒவ்வொரு சிலிண்டருக்கும் இரண்டு ஸ்பார்க் பிளக், அவற்றுக்கு மின்சாரம் தர இரண்டு மேக்னட்டோக்கள். 2,000 மணி நேரம் ஓடியதும், அல்லது 12 ஆண்டுகள் ஆனதும், ஓவர்ஹால் (முழுதாகப் பிரித்து, தேய்ந்ததை மாற்றிச் சேர்ப்பது) செய்யுங்கள் என்பது தயாரிப்பாளரின் பரிந்துரை. எங்களைப் போலச் சொந்த உபயோகத்துக்குப் பறப்பவர்களை அமெரிக்கச் சட்டம் அதற்குக் கட்டாயப்படுத்துவதில்லை. ஆண்டுக்கு ஒருமுறை, உரிய அதிகாரம் பெற்ற மெக்கானிக் முழுச் சோதனை செய்து கையெழுத்திட வேண்டும், அது கட்டாயம். ஆயில் மாற்றுவது, பிளக் சுத்தம் செய்வது போன்றவற்றை உரிமம் உள்ள உரிமையாளரே செய்து பதிவேட்டில் எழுதலாம். மற்றதெல்லாம் பெரும்பாலும் நம் முடிவு. அதனால்தான் இத்தனை வாதம்.

முதல் சண்டை ஆயில் அளவைப் பற்றியது. எஞ்சினின் அடியில் இருக்கும் ஆயில் தொட்டியான சம்ப்பில் எட்டு குவார்ட் (ஒரு குவார்ட் ஏறக்குறைய ஒரு லிட்டர்) பிடிக்கும். பெரியவர் ஒவ்வொரு முறையும் எட்டு வரை ஊற்றுவார். எங்கள் விமானக் கையேடோ, மூன்று மணி நேரத்துக்குக் குறைவான பயணத்துக்கு ஏழு போதும், ஆறுக்குக் கீழே இறங்கக் கூடாது என்கிறது. நான் ஒரு நோட்டுப் புத்தகம் போட்டு ஆறு மாதம் கணக்கு வைத்தேன். எட்டில் தொடங்கினால் முதல் குவார்ட் நான்கு மணி நேரத்தில் காணாமல் போனது. ஏழில் தொடங்கினால் அதே ஒரு குவார்ட் குறைய ஒன்பது மணி நேரம் ஆனது. போன ஆயிலெல்லாம், எஞ்சினுக்குள் சேரும் காற்றை வெளியே விடும் பிரீதர் குழாய் வழியாக வெளியேறி விமானத்தின் அடிவயிற்றில் படிந்திருந்தது. நோட்டைப் பெரியவரிடம் காட்டினேன். படித்துப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் திருப்பிக் கொடுத்தார். அடுத்த வாரம் டிப்ஸ்டிக் ஏழில் நின்றது.

ஒற்றை கிரேடு ஆயிலா, மல்டி கிரேடா என்ற வாதத்தை விரிக்கப் போவதில்லை. இரண்டையும் இரண்டிரண்டு ஆண்டுகள் ஊற்றினோம். குளிர்காலத்தில் ஸ்டார்ட் ஆவதைத் தவிர வேறு வித்தியாசம் எங்கள் கண்ணுக்குத் தெரியவில்லை.

நான் தவறு செய்த இடம் ஒன்று உண்டு. அதைச் சொல்லியாக வேண்டும். இங்கே ஜனவரி, பிப்ரவரியில் வாரக் கணக்கில் பறக்க முடியாது. பறக்காத வாரங்களில் புரொப்பல்லரைக் கையால் ஆறேழு முறை சுற்றிவிட வேண்டும், இல்லையென்றால் பதினைந்து நிமிடம் எஞ்சினை ஓடவிட்டு அணைக்க வேண்டும் என்று ஒருவர் சொன்னார். அக்கறையோடு சொன்ன அறிவுரை, நானும் அக்கறையோடு பின்பற்றினேன். இரண்டு குளிர்காலம் அப்படியே போயிற்று. ஒருநாள் ஆயில் மூடியைத் திறந்தபோது, அதன் உட்புறத்தில் திரிந்த பால் போல மஞ்சள் கலந்த வெண்மைப் பிசுக்கு ஒட்டியிருந்தது. பெட்ரோல் எரியும்போது நீராவியும் உண்டாகிறது. நின்ற இடத்தில் ஓடும் எஞ்சினில் அந்த ஈரத்தை ஆவியாக்கி வெளியேற்றும் அளவுக்கு ஆயில் சூடாவதில்லை. காய வைக்கிறேன் என்று நினைத்து நான் ஈரத்தைச் சேர்த்துக்கொண்டிருந்தேன். கையால் சுற்றுவதும் நல்லதல்ல. ஒட்டிக்கொண்டிருக்கும் கொஞ்ச ஆயிலையும் அது துடைத்துவிடுகிறது. இரண்டையும் செய்யாதீர்கள் என்று தயாரிப்பாளரின் சர்வீஸ் கடிதமே சொல்கிறது, நான் படித்திருக்கவில்லை. இந்த எஞ்சினில் வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்ட், பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க்ஷாஃப்டுக்கு மேலே இருக்கிறது. நின்றுபோன எஞ்சினில் ஆயில் முழுதும் கீழே வடிந்துவிட, முதலில் காய்வதும் துருப்பிடிப்பதும் அதுதான். இப்போது பறந்தால் முழுதாகச் சூடேறும்வரை பறக்கிறோம், இல்லையென்றால் தொடுவதே இல்லை.

இனி பெரிய சண்டை. ஐந்தாவது ஆண்டு, அக்டோபர் மாதக் காலை, நான்கு டிகிரி குளிர். ஸ்டார்ட் செய்ததும் எஞ்சின் மூன்று காலில் நொண்டும் மாடு போல உதறியது. மூடித் தகடு நடுங்குவது கண்ணாடி வழியாகத் தெரிந்தது. இரண்டு நிமிடத்தில் தானாகவே சீரானது. மேக்னட்டோ சோதனையில் குறை எதுவும் இல்லை. பறந்தேன், இறங்கினேன், எல்லாம் சரியாக இருந்தது. அடுத்த குளிர்ந்த காலையில் அதே உதறல்.

பெரியவர், பிளக்கில் ஈயம் படிந்திருக்கிறது என்றார். அதில் நியாயம் இருந்தது. இந்த எஞ்சின் 80 ஆக்டேன் பெட்ரோலுக்காக வடிவமைக்கப்பட்டது. இப்போது கிடைக்கும் 100 எல்எல் பெட்ரோலில் அனுமதிக்கப்பட்ட ஈயத்தின் உச்ச அளவு அதைப்போல நான்கு மடங்கு. பிளக்குகளைக் கழற்றினோம். கீழ்ப் பிளக்குகளுக்குள் கடுகளவு சாம்பல் நிற ஈய மணிகள் இருந்தன. குத்தியெடுத்துச் சுத்தம் செய்து மாட்டினோம். உதறல் போகவில்லை. ஆசிரியை, ஸ்டார்ட் செய்யும்போது பிரைமரை (எஞ்சினுக்குள் முன்கூட்டியே பெட்ரோல் செலுத்தும் கைப்பம்பு) அதிகம் அடிக்கிறோம் என்றார். குறைத்தோம். போகவில்லை. பக்கத்து ஊர் மெக்கானிக் ஒருவர் எஞ்சினைத் தொடாமலே, சிலிண்டரைக் கழற்றுங்கள் என்றார். இன்னொருவர் கம்ப்ரஷன் சோதனை, அதாவது சிலிண்டருக்குள் செலுத்திய காற்றழுத்தம் எவ்வளவு நிற்கிறது என்ற சோதனை, செய்து பார்த்தார்: 80க்கு 76, 75, 74, 77. வால்வுகள் நன்றாக மூடுகின்றன, கவலை வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

அந்த எண்கள் பொய் இல்லை. ஆனால் கம்ப்ரஷன் சோதனையை எஞ்சின் சூடாக இருக்கும்போது செய்வார்கள். எங்கள் நோயோ குளிர்ந்திருக்கும்போது மட்டும் வருவது.

வழிகாட்டியது, முந்தைய ஆண்டு நாங்கள் பொருத்தியிருந்த கருவி. நான்கு சிலிண்டர்களின் புகை வெப்பத்தையும் தனித்தனியாகப் பதிவு செய்வது. பதிவை இறக்கிப் பார்த்தேன். ஸ்டார்ட் ஆனதும் மூன்று கோடுகள் ஏறின. மூன்றாம் சிலிண்டரின் கோடு மட்டும் தரையோடு தரையாகக் கிடந்து, 100 விநாடி கழித்துச் செங்குத்தாக எழுந்து மற்றவற்றோடு சேர்ந்தது. ஒரு பிளக் வேலை செய்யாவிட்டால் இப்படி இருக்காது. மற்றொரு பிளக் கொளுத்தும். எரிவது தாமதமாவதால் புகை வெப்பம் கூடத்தான் செய்யும். அந்தச் சிலிண்டர் எரியவே இல்லை என்றால், புகையை வெளியேற்றும் அதன் எக்ஸாஸ்ட் வால்வு மூடாமல் திறந்தே நிற்கிறது என்றுதான் முதலில் சந்தேகிக்க வேண்டும். விமானக்காரர்கள் இதைக் காலைநேரக் குமட்டல் என்பார்கள். வால்வின் தண்டு ஏறி இறங்கும் கைடுக்குள் ஈயமும் கருகிய ஆயிலும் படிந்து இறுகியிருக்கும். குளிரில் தண்டு அதில் சிக்கிக்கொள்ளும். இதைத் தேடிப் பார்க்க ஒவ்வொரு 400 மணி நேரத்துக்கும் கைடின் இடைவெளியை அளக்கச் சொல்லி தயாரிப்பாளரின் சர்வீஸ் புல்லட்டின் 388 இருக்கிறது. எங்கள் பதிவேட்டில் 2001ஆம் ஆண்டு ஓவர்ஹாலுக்குப் பிறகு அப்படி ஒரு வரி இல்லை. அது எங்கள் மூவரின் கவனக்குறைவு.

இங்கேயும் அறிவுரை இரண்டாகப் பிரிந்தது. சிலிண்டரைக் கழற்றி வெளியே அனுப்பிச் சரிசெய்வது ஒன்று. எங்கள் மெக்கானிக் அதற்குச் சம்மதிக்கவில்லை. சிலிண்டரைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளில் சில, கிராங்க் கேஸின் இரு பாதிகளையும் சேர்த்து இறுக்குபவை. அவற்றைத் தளர்த்தினால் உள்ளே மெயின் பேரிங்கின் மேல் இருக்கும் பிடி குறையும். மறுபடி இறுக்கும்போது ஒழுங்காக அமையாவிட்டால் பேரிங் நகர்ந்து எஞ்சினே நின்றுபோகலாம். “ஒரு வால்வுக்காக அதைத் தொட மாட்டேன், கயிறு கொண்டு வாருங்கள்” என்றார்.

கயிறு என்றால் உண்மையிலேயே கயிறு. ராக்கர் மூடியைக் கழற்றிவிட்டு, பிளக் துளை வழியாக நைலான் கயிற்றைச் சிலிண்டருக்குள் முழம் முழமாகத் திணித்தேன். மேக்னட்டோக்கள் அணைந்திருக்கின்றனவா என்று மூன்று முறை பார்த்துவிட்டு, பெரியவர் புரொப்பல்லரை மெல்லத் திருப்பினார். பிஸ்டன் மேலே வந்து கயிற்றுச் சுருளை வால்வின் மேல் அழுத்த, புரொப்பல்லர் மெத்தென்று நின்றது. இப்போது ஸ்பிரிங்கை எடுத்தாலும் வால்வு உள்ளே விழாது. தண்டைப் பிடித்திருக்கும் இரண்டு சிறு பிறைகளை எடுத்து மெக்கானிக் ஒரு கிண்ணத்தில் வைத்தார். ஸ்பிரிங் வந்தது. கயிற்றை உருவியதும் வால்வு உள்ளே ‘டக்’ என்று சாய்ந்தது. அதன் தண்டைப் பிளக் துளை வழியாக வெளியே நீட்டினார். அடிப்பிடித்த வெல்லப்பாகு போலக் கறுத்து மினுங்கும் ஒரு பூச்சு. விரல் நகத்தால் சுரண்டினேன், வரவில்லை. கிரீஸ் தடவிய ரீமரை (துளையைச் சுரண்டும் கருவி) கைடுக்குள் கையாலேயே சுழற்றியபோது கறுப்புத் தூள் கிரீஸோடு கிரீஸாக வந்தது. சுத்தமான வால்வைத் திரும்பக் கைடுக்குள் ஏற்றுவதுதான் கடினம். வளையும் கம்பியால் துழாவித் துழாவி ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. தண்டின் நுனி கைடில் எட்டிப் பார்த்தபோது மூவருமே மூச்சுவிட்டோம்.

அதற்குப் பிறகு நான்கு குளிர்காலம் போய்விட்டது. ஸ்டார்ட் செய்தால் நான்கு கோடுகளும் சேர்ந்தே ஏறுகின்றன.

வால்வு ஒட்டியதற்கு எஞ்சினைக் குறை சொல்ல மாட்டேன். நாங்கள் தரையில் மிக்ஸ்சரை (காற்றோடு கலக்கும் பெட்ரோலின் அளவை) முழு ரிச்சாக, அதாவது உச்சத்தில், வைத்துக்கொண்டு ஓடுதளம் வரை போய்க்கொண்டிருந்தோம். அந்தக் கூடுதல் பெட்ரோல் படிவைச் சேர்க்கும். மிக்ஸ்சரைக் குறைத்தால் வால்வு கருகும் என்று பெரியவருக்குப் பயம். அது உயர் சக்தியில் யோசிக்க வேண்டிய விஷயம். தரையில் 1,000 சுழற்சியில் கருகும் அளவுக்குச் சூடே கிடையாது. இப்போது ஸ்டார்ட் ஆனதும் எஞ்சின் தடுமாறும் எல்லை வரை குறைத்துவிடுகிறேன். அரைகுறையாகக் குறைப்பதுதான் ஆபத்து. மறந்துபோய் அப்படியே மேலெழும்பிவிட முடியும். நன்றாகக் குறைத்திருந்தால், த்ராட்டிலைத் திறந்ததும் எஞ்சின் இருமி நினைவூட்டிவிடும்.

இந்த அனுபவத்துக்குப் பிறகுதான் வாடிங்டன் என்ற பிரிட்டிஷ் உயிரியலாளரைப் பற்றிப் படித்தேன். இரண்டாம் உலகப் போரில், நீர்மூழ்கிகளைத் தேடிப் பறந்த விமானப்படைப் பிரிவின் பராமரிப்புப் பதிவுகளை அவருடைய குழு ஆராய்ந்தது. ஒவ்வொரு 50 மணி நேரச் சோதனை முடிந்த கையோடு, எதிர்பாராத பழுதுகள் குறைவதற்குப் பதில் கூடின. பிறகு நாளாக ஆக மெல்லக் குறைந்தன. நன்றாக இருந்ததைக் கழற்றி மாட்டியதே பழுதுக்குக் காரணமாகியிருந்தது. 1978இல் யுனைடெட் ஏர்லைன்ஸைச் சேர்ந்த நோலனும் ஹீப்பும் அமெரிக்கப் பாதுகாப்புத் துறைக்குத் தந்த அறிக்கையும், வயதைக் கணக்கிட்டுக் கழற்றுவதால் பெரும்பாலான பாகங்களுக்குப் பலனில்லை என்றது. அதனால் எனக்குக் கிடைக்கும் எந்த அறிவுரைக்கும் முதல் கேள்வி இதுதான்: திறப்பதற்கு முன்னால் எதைப் பார்க்கச் சொல்கிறார்? எதையும் பார்க்காமல் கழற்றச் சொல்பவர் எத்தனை அனுபவசாலியாக இருந்தாலும் நான் கேட்பதில்லை.

ஆனால் இந்தக் கட்சிக்கும் ஓர் எல்லை உண்டு. அதைக் காட்டியவர் பெரியவர். எங்கள் எஞ்சின் இப்போது 2,090 மணி நேரத்தில் நிற்கிறது. 12 ஆண்டுக் கணக்கு நான் பங்கு வாங்கும் முன்பே முடிந்துவிட்டது. மணிக்கணக்கைப் பார்த்து அல்ல, எஞ்சினின் நிலையைப் பார்த்து ஓவர்ஹால் செய்யுங்கள் என்று, விமானப் பராமரிப்பைப் பற்றி எழுதும் அமெரிக்க மெக்கானிக் மைக் புஷ் பல ஆண்டுகளாக வாதிடுகிறார். விபத்துப் பதிவுகளில் புதிதாக ஓவர்ஹால் செய்த எஞ்சின்களே அதிகம் என்பது அவர் தரப்பு. பரிந்துரைத்த மணிக்கணக்கைத் தாண்டிப் பறக்கும் எஞ்சின்களே குறைவு, எண்ணிக்கையும் குறைவாகத்தானே இருக்கும் என்று மறுப்பவர்கள் கேட்பதும் சரியான கேள்விதான். பிளக் துளை வழியாக உள்ளே பார்க்கும் கருவி போரோஸ்கோப். பெரியவர் கேட்டது அதைவிட எளிது: “போரோஸ்கோப்பில் வால்வைப் பார்க்கிறாய், சிலிண்டர் சுவரைப் பார்க்கிறாய். கேம்ஷாஃப்டை எதை வைத்துப் பார்ப்பாய்?” இந்த எஞ்சினில் குறைந்தது ஒரு சிலிண்டரைக் கழற்றாமல் அதைச் சரியாகப் பார்க்க முடியாது. என்னிடம் பதில் இல்லை.

இருக்கும் ஒரே சாட்சி ஆயில் ஃபில்டர். 50 மணி நேரம் அல்லது நான்கு மாதம், எது முதலில் வருகிறதோ அப்போது ஆயிலை மாற்றுகிறோம். ஃபில்டர் டப்பாவை வட்டமாக அறுத்து, உள்ளே இருக்கும் மடிப்புத் தாளை வெட்டியெடுத்து, ஆயிலைப் பிழிந்துவிட்டு விளக்கின் கீழ் விசிறி போல விரிப்பார் பெரியவர். ஒவ்வொரு மடிப்பிலும் காந்தத்தை ஓட்டி, அதை வெள்ளைத் துணியில் துடைத்து என்னிடம் நீட்டுவார். கேம் தேயத் தொடங்கினால் இரும்புப் பொடி அங்கேதான் முதலில் வரும். இதுவரை கருமையான கார்பன் துகள்கள்தான். காந்தத்தில் ஒட்டியது எதுவும் இல்லை.

சென்ற இலையுதிர் காலத்தில் மூவரும் உட்கார்ந்து முடிவெடுத்தோம். இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் இப்போதைக்கு ஓவர்ஹால் இல்லை. எதிர்த்து வாக்களித்தவர் பெரியவர். அவர் கேட்ட நிபந்தனையை நாங்கள் இருவரும் மறுபேச்சின்றி ஏற்றோம்: ஓவர்ஹால் ஆகும்வரை இரவில் பறப்பதில்லை, எஞ்சின் நின்றால் கரைக்குச் சறுக்கி வந்து இறங்க முடியாத தூரத்தில் ஏரியின் மேல் பறப்பதில்லை. என் அக்கா டொரோண்டோவில் இருக்கிறார். முன்பெல்லாம் ஈரி ஏரியைக் குறுக்கே கடந்துவிடுவேன். இந்த ஜூனில் ஈரி நகரம், பஃபலோ, நயாகரா என்று கரையை ஒட்டியே போனேன். ஏறக்குறைய அரை மணி நேரம் கூடுதல். சாப்பாடு ஆறிவிட்டது என்றார் அக்கா.