48 வோல்ட் என்று விற்றார்கள், உள்ளே இருந்தது மூன்று செல்

வீட்டில் வயதானவர்களுக்குப் பேட்டரி ஸ்க்ரூ டிரைவர் வாங்கித் தர நினைப்பவர்கள் கடைக்குப் போகும் முன் இதைப் படித்துவிட்டுப் போங்கள். பெட்டியில் கொட்டை எழுத்தில் 48 என்று போட்டு, பக்கத்தில் வி, எஃப் என்று இரண்டு எழுத்தை ஒட்டி, ஏகப்பட்ட பிட் (கருவியின் முன்னால் மாட்டுகிற திருப்புளி முனை), சாக்கெட், ஒரு பிளாஸ்டிக் சூட்கேஸ் என்று பரப்பிக் காட்டி விற்கிற சரக்கு ஒன்று சந்தையில் நிறையக் கிடக்கிறது. பெட்டியின் நிறமும் பெயரும் கடைக்குக் கடை மாறும். அப்படி ஒன்றைத்தான் கோயம்புத்தூரில் ஒரு ஹார்டுவேர் கடையில் என் தலையில் கட்டினார்கள். கடைப் பெயரைப் போடவில்லை. புகார் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

வாங்கியது என் பெரியப்பாவுக்கு. திண்டுக்கல் நாகல் நகரில் பூட்டுப் பட்டறையில் வேலை பார்த்தவர். 2019இல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததே, அந்தப் பூட்டுகளை அரத்தால் ராவி ராவிச் செய்த கை அது. இப்போது வயது எழுபதைத் தாண்டிவிட்டது. கட்டைவிரல் அடி மூட்டு தேய்ந்துபோய், திருப்புளியை இறுக்கிப் பிடித்துத் திருகினால் வலி முழங்கை வரை ஏறுகிறது. ஆனால் கதவுக் கீல் தொங்கினால் தச்சரைக் கூப்பிட மாட்டார். "இதுக்கு ஒரு ஆளா" என்பார். அதற்காகத்தான் இந்தக் கருவியே.

கடையில் நான் கேட்டதும் அதைத்தான். வயசானவர் ஒரு கையில் பிடிக்க வேண்டும், கனம் கூடாது, கீல், கைப்பிடி, தாழ்ப்பாள், பூட்டு இவை மாட்டினால் போதும் என்றேன். கண்ணாடி அலமாரியில் கைக்கு அடக்கமாக ஒன்று இருந்தது. அதைக் காட்டச் சொன்னேன். கடைப் பையன் எடுக்கவே இல்லை.

"அதெல்லாம் பொம்மைங்க சார், ரெண்டு மாசத்துல போயிருங்க. இதப் பாருங்க, 48 வோல்ட்டு. காங்கிரீட்லயே ஓட்டை போடும். அய்யாவுக்கு ஆயுசுக்கும் வருங்க."

எழுபது வயதுக்கு மேல் ஒருவர் காங்கிரீட்டில் ஏன் ஓட்டை போட வேண்டும் என்று கேட்டேன். "இருக்கட்டுங்க சார், பவர் இருந்தா நல்லதுதானே" என்றார். பெட்டியில் 7,999 ரூபாய் என்று ஸ்டிக்கர், நமக்கு மட்டும் 2,800. பணம் போட்ட பிறகு பில் கேட்டால் கம்ப்யூட்டர் வேலை செய்யவில்லை, வாட்ஸப்பில் அனுப்பிவிடுகிறோம் என்றார்கள். கையில் வந்தது ‘எஸ்டிமேட்’ என்று அச்சடித்த மஞ்சள் சீட்டு. அதில் ‘கார்ட்லெஸ் செட் 1’ என்று ஒரு கிறுக்கல். ஜிஎஸ்டி எண் இல்லை, கடைப் பெயர்கூட இல்லை. க்யூஆர் கோடில் பணம் போனது வேறு யாரோ ஒருவர் பெயருக்கு. வாட்ஸப் பில் இன்றுவரை வரவில்லை.

திண்டுக்கல்லில் பெரியப்பா சூட்கேஸைத் திறந்ததும் மோட்டாரைப் பார்க்கவில்லை, பேட்டரியைப் பார்க்கவில்லை. ஒரு பிட்டை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். உள்ளே போய்ப் பழைய அரம் ஒன்றைக் கொண்டுவந்து பிட்டின் விளிம்பில் இரண்டு இழுப்பு இழுத்தார். பளபளப்பு போய் வெள்ளையாகக் கோடு விழுந்தது, தரையில் பொடி உதிர்ந்தது.

"அரம் வழுக்கணும்டா தம்பி. இது சீவுது பாரு."

நல்ல பிட் என்றால் கடினப்படுத்திய எஃகு. அரம் அதன்மேல் கிறீச்சென்று சறுக்கிப் போகும், லேசில் கடிக்காது. இது கடித்தது. அப்படிப்பட்ட பிட் எத்தனை இருந்து என்ன பயன்? பூஜை அறைக் கதவுக் கீலில் முதல் ஸ்க்ரூவை இறக்கும்போதே பிட்டின் முனை மழுங்கி, ஸ்க்ரூ தலையில் இருந்த நட்சத்திரக் குழியும் வழுவழுவென்று ஆகிவிட்டது. அப்புறம் அந்த ஸ்க்ரூவைக் கழற்றப் பட்ட பாடு தனிக் கதை.

அதைவிட மோசம், கருவி கையை முறுக்கியது. ஸ்க்ரூ கடைசி வரை இறங்கி நிற்கும்போது மோட்டாரின் திருப்பு விசை போக இடமில்லாமல் பிடித்திருக்கிற கைக்கே திரும்பும். அதைத் தடுக்கத்தான் முன்னால் எண் போட்ட வளையம் இருக்கிறது, கிளட்ச் என்பார்கள். வைத்த அளவுக்கு மேல் இறுகினால் கடகடவென்று நழுவி விட்டுவிட வேண்டும். இதில் 1இல் வைத்தாலும் 18இல் வைத்தாலும் ஒரே மாதிரிதான். வளையம் சுற்றியது, வேறொன்றும் நடக்கவில்லை. கருவியோ பேட்டரியோடு ஒரு கிலோவுக்கு மேல். மணிக்கட்டு வலிக்காமல் இருக்க வாங்கிய சாமான் மணிக்கட்டையே திருப்பிவிட்டது. இரண்டு நாள் தைலம் போட்டுக் கட்டு கட்டியிருந்தார், அதையும் பெரியம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

கொஞ்ச நாளில் பேட்டரியும் போனது. சார்ஜ் போட்டால் உடனே பச்சை விளக்கு, எடுத்து ஸ்க்ரூவில் வைத்தால் முனகிவிட்டு நிற்கும். சார்ஜரோ தொட முடியாத சூடு. மின்சார ஸ்கூட்டர் பேட்டரி சரிபார்க்கும் நண்பர் ஒருவரிடம் கொடுத்தேன். (தெரியாதவர்கள் லித்தியம் பேட்டரியைப் பிரிக்கக் கூடாது. கத்தி முனை செல்லில் பட்டால் தீப்பிடிக்கும்.) அவர் திறந்து காட்டினார். உள்ளே மூன்றே செல். உறை நிறம்கூட ஒன்றாக இல்லை, இரண்டு பச்சை, ஒன்று ரோஸ். ஏதோ பழைய பேட்டரியிலிருந்து பிரித்து எடுத்தவை என்றார். மல்டிமீட்டர் வைத்ததில் பச்சை இரண்டும் 3.9 வோல்ட் காட்டின, ரோஸ் 1.6இல் கிடந்தது.

இங்கேதான் அந்த 48 என்ன என்று புரியும். கருவிகளில் வருகிற சாதாரண லித்தியம் அயான் செல் ஒன்று சுமார் 3.6 வோல்ட், முழுசாக ஏற்றினால் 4.2. மூன்றை வரிசையாகக் கோர்த்தால் சுமார் 11, முழு சார்ஜில் 12.6. உண்மையான 48 வோல்ட் வேண்டுமென்றால் பதின்மூன்று செல் வரிசையாக வேண்டும். மின்சார சைக்கிளில் மாட்டுகிற பேட்டரி அது, உள்ளங்கைக்குள் அடங்காது. கேட்டால் 48 என்பது மாடல் நம்பர் என்று நழுவிவிடலாம். அதற்காகத்தான் ‘வி’க்குப் பக்கத்தில் அந்த ‘எஃப்’. பெட்டியிலும் வோல்ட் என்று முழுசாக எங்கேயும் அச்சடிக்கவில்லை, வாயால் சொல்வது கடைப் பையன்தான். 21, 36, 88, 168 என்று இந்த எண் விளையாட்டுக்கு எல்லையே இல்லை.

வோல்ட் குறைந்ததுகூடப் பெரிய விஷயமில்லை. பெரியப்பாவின் வேலைக்கு 12 வோல்ட்டே அதிகம். பயப்பட வேண்டியது வேறு. மூன்று செல்லும் சமமாக ஏறுகிறதா என்று பார்க்க ஒரு சிறு சர்க்யூட் இருக்க வேண்டும், அது உள்ளே இல்லை. சார்ஜர் மொத்தமாக 12.6 வரை தள்ளும். ஒரு செல் நோஞ்சானாகி 3.6இல் நின்றுவிட்டால் மற்ற இரண்டும் ஆளுக்கு 4.5 வரை ஏறும். 4.2ஐத் தாண்டினாலே ஆபத்து. ராத்திரி சார்ஜில் போட்டுவிட்டுத் தூங்குகிற வீட்டில் இது சும்மா விடுகிற விஷயமா?

இதையெல்லாம் எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். பேட்டரிக்கு வாரண்டி கிடையாது, மோட்டாருக்கு மட்டும்தான் என்றார் பையன். வாரண்டி கார்டில் அப்படி ஒரு வரி இல்லையே என்றால், கார்டில் எங்கள் சீல் இல்லையே என்றார். சீல் போட்டுத் தர வேண்டியது யாராம்! கடைசியில் முதலாளி வந்தார். பார்த்ததும் சொன்ன முதல் வார்த்தை: "வயசானவங்களுக்கு யூஸ் பண்ணத் தெரியாதுங்க சார், போட்டு அழுத்திருப்பாங்க." வாழ்நாள் முழுக்கக் கருவியோடு புழங்கிய மனிதரைப் பற்றி, ஒரு கிளட்ச் வளையம்கூட வேலை செய்யாத சாமானை விற்றவர் பேசுகிற பேச்சு. பணம் திருப்பித் தர முடியாது, வேண்டுமானால் அதே தொகைக்கு வேறு சாமான் எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். வேண்டாம் என்று வந்துவிட்டேன். அந்தக் கடையில் இன்னொரு பெட்டி வாங்கி என்ன செய்ய?

சட்டம் நம் பக்கம்தான் இருக்கிறது, இது பலருக்குத் தெரிவதில்லை. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, விற்ற பொருளுக்குப் பில் தராமல் இருப்பதே நியாயமற்ற வணிக நடைமுறை. பழுதான பொருளைத் திரும்ப எடுத்துக்கொண்டு பணம் தர மறுப்பதும் அப்படியே. பில்லில் இதற்குக் கெடு எதுவும் போடவில்லை என்றால் 30 நாள் என்று சட்டம் சொல்கிறது. எஸ்டிமேட் சீட்டைக் காட்டி ‘எங்களிடம் வாங்கியதற்கு என்ன ஆதாரம்’ என்று கேட்டால் பயப்படாதீர்கள். யூபிஐயில் பணம் போன பதிவு, கடை அனுப்பிய வாட்ஸப் செய்தி, பெட்டியின் படம் எல்லாமே சேர்த்து வைக்க வேண்டியவை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, தமிழிலும் பேசலாம். அதில் தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். கடை எந்த ஊரில் இருந்தாலும் நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். நான் 1915இல் பதிந்திருக்கிறேன். பதிந்த பிறகு கடையிலிருந்து ஒரு போன் வந்தது, இந்த முறை குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. பணம் இன்னும் வரவில்லை.

சரி, எதைப் பார்த்து வாங்குவது?

வயதானவர் கைக்கு முதலில் பார்க்க வேண்டியது எடை. பேட்டரி உள்ளேயே இருக்கிற 3.6 வோல்ட் வகை 300 கிராம் வாக்கில்தான் இருக்கும். பையன் பொம்மை என்று சொன்னது இதைத்தான். திருப்பு விசையை நியூட்டன் மீட்டரில் சொல்வார்கள். வீட்டுக் கீலுக்கும் அலமாரிக் கைப்பிடிக்கும் 4, 5 இருந்தால் தாராளம். மெதுவாகச் சுற்றுவது இங்கே குறை கிடையாது. தேய்ந்த விரலால் ட்ரிகரை அழுத்திப் பிடிப்பது சிரமம் என்றால், பாஷ் நிறுவனத்தின் ‘கோ’ மாதிரி ஸ்க்ரூவில் வைத்துத் தள்ளினாலே ஓட ஆரம்பிக்கிற வகை இருக்கிறது. வலம், இடம் மாற்றுகிற பொத்தானை அவரையே கடையில் தள்ளிப் பார்க்கச் சொல்லுங்கள். நம் விரலுக்குச் சுலபமாக இருப்பது அவர் விரலுக்கு அசையாமல் போகலாம். நிற்கிற கதவில் வேலை அதிகம் என்றால் துப்பாக்கிப் பிடி, மேசையில் வைத்துச் செய்கிற வேலை என்றால் நேர்ப் பிடி மணிக்கட்டை மடக்காது. கிளட்சைக் கடையிலேயே சோதிக்கலாம்: 1இல் வைத்து ஒரு மரக்கட்டையில் ஸ்க்ரூவை இறக்கச் சொன்னால் கொஞ்சம் போய்க் கடகடக்க வேண்டும். மரக்கட்டை இல்லை என்று சொல்கிற ஹார்டுவேர் கடையை விட்டு வெளியே வந்துவிடலாம்.

பெட்டியைத் திருப்பி, தயாரித்தவர் அல்லது இறக்குமதி செய்தவரின் பெயரும் முகவரியும், மாதமும் வருடமும், புகார் சொல்ல ஒரு எண்ணும் இருக்கின்றனவா என்று பாருங்கள். பொட்டலப் பொருள்களுக்கு இவை கட்டாயம். என் பெட்டியில் எந்த நாட்டில் செய்தது என்பது மட்டும் இருந்தது. லித்தியம் பேட்டரிக்கு இந்தியத் தர அமைப்பான பிஐஎஸ்ஸின் பதிவு வேண்டும், ‘ஆர்’ எழுத்தில் தொடங்கும் எண் ஒன்று அச்சாகியிருக்கும். பிஐஎஸ் கேர் செயலியில் அந்த எண்ணைப் போட்டால் யாருடையது என்று வந்துவிடும். எண் இருப்பதாலேயே நம்பிவிட வேண்டாம், போட்டுப் பாருங்கள். பில் கைக்கு வந்த பிறகு பணம் போடுங்கள், முன்னால் வேண்டாம்.

பிட் செட்டுக்கு மயங்காதீர்கள். நம் வீடுகளில் பெரும்பாலான மர ஸ்க்ரூக்களுக்கு நட்சத்திர முனையில் பிஎச் 2 என்ற ஒரே அளவு போதும். நல்ல எஃகில் அதை மட்டும் தனியாக இரண்டு வாங்கிக்கொள்வது மேல். பெரியப்பா இப்போது அப்படித்தான் வைத்திருக்கிறார். 3.6 வோல்ட் கருவி ஒன்றை திண்டுக்கல்லிலேயே, அவரே கையில் பிடித்துப் பார்த்து, பில்லோடு வாங்கினோம். தேக்கில் இறங்கத் திணறினால் ஸ்க்ரூ மரையில் சோப்பைத் தேய்த்துக்கொள்கிறார், முதலில் சின்னதாகத் துளை போட்டுக்கொள்கிறார். ரொம்ப மெதுவாகச் சுற்றுகிறது என்று மட்டும் ஒரு குறை சொல்கிறார்.

இதே 48 பெட்டி ஏற்கெனவே வீட்டில் இருந்தால், ஆள் பக்கத்தில் இல்லாமல் சார்ஜ் போடாதீர்கள், மெத்தை, துணி மேல் வைத்தும் போடாதீர்கள். பேட்டரி உப்பியிருந்தால் தொடவே வேண்டாம், குப்பைத் தொட்டியிலும் வீசக் கூடாது. உப்பாத பேட்டரி என்றால் முனைகளில் இன்சுலேஷன் டேப் ஒட்டி, மின்னணுக் கழிவு எடுப்பவர்களிடம் கொடுங்கள். என்னுடைய செல்லும் சார்ஜரும் புகாருக்கு ஆதாரமாக நண்பரின் கடையில் ஒரு மணல் வாளியில் கிடக்கின்றன. பணம் வந்தாலும் வராவிட்டாலும் இங்கேயே எழுதுகிறேன்.