களுவாஞ்சிகுடியில் ஓர் உயர்தர வரலாற்று வகுப்பு

மகள் உயர்தரத்தில் வரலாறு படிப்பதால், களுவாஞ்சிகுடியில் சனிக்கிழமைகளில் நடைபெறும் இந்தத் தனியார் வகுப்பில், ஆசிரியரின் அனுமதியுடன் பின்வாங்கில் அமர்ந்து புரட்சிகள் பற்றிய பாடங்களைக் கேட்டேன். வறுமை முற்றினால் புரட்சி வெடிக்கும் என்று ஒரே வரியில் மனனம் செய்து வரும் பிள்ளைகளுக்கு, அந்த வரி ஏன் போதாது என்பதை அவர் பொறுமையாக விளங்கப்படுத்துகிறார்.

பிரான்சில் குருமாரும் பிரபுக்களும் பெரும்பாலான வரிகளிலிருந்து விலக்குப் பெற்றிருக்க, நிலவரியையும் உப்புவரியையும் மற்றெல்லா மக்களும் அடங்கிய மூன்றாம் பிரிவினரே சுமந்தனர். 1788இல் விளைச்சல் கெட்டுப் பாண் விலை ஏறியது. அரச கருவூலமும் வற்றியது. 1789 மே மாதம் வெர்சாயில் இந்த மூன்று பிரிவினரின் பிரதிநிதிகள் சபை கூடியதும் எழுந்த பிணக்கு வாக்களிக்கும் முறையைப் பற்றியது. ஆசிரியர் வெண்பலகையில் மூன்று பெட்டிகள் வரைந்து 300, 300, 600 என்று ஏறத்தாழ ஆட்கணக்கை எழுதி, தலைக்கொரு வாக்கா, பிரிவுக்கொரு வாக்கா என்று கேட்டார். பிரிவுக்கொன்று என்றால் மூன்றாம் பிரிவினர் எத்தனை பேர் இருந்தும் இரண்டுக்கு ஒன்று என்று தோற்பார்கள் என்பதை முன்வரிசைப் பிள்ளையொருவர் தானாகவே கணித்துச் சொன்னார். பசித்தவர்களின் கோபமும், படிப்பும் பணமும் இருந்தும் மதிப்பற்றிருந்த சட்டத்தரணிகளின் கோபமும் ஒன்றுசேர்ந்த இடம் அதுதான் என்ற அவரது விளக்கம் எனக்கு முழு உடன்பாடு.

அடுத்து அவர் நம்மூருக்கு வந்தார். வயலுக்குச் சொந்தக்காரரான போடியாருக்கும் அதில் உழைக்கும் முல்லைக்காரருக்கும் இடையிலான விளைச்சல் பங்கீட்டையும், குத்தகை விவசாயிக்குப் பாதுகாப்பளிக்க வந்த 1958ஆம் ஆண்டின் நெற்காணிச் சட்டத்தையும் பேசினார். ஒரு கொத்துப் பங்கீட்டரிசி 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்ந்ததால் 1953 ஓகஸ்ட் 12இல் நடந்த ஹர்த்தால், பிரதமரைப் பதவி விலகச் செய்தும் ஏன் புரட்சியாகவில்லை என்ற கேள்விக்கு, வாக்குரிமை இருந்த நாட்டில் கோபத்துக்குத் தேர்தல் என்ற வழி இருந்ததென்பது அவரது பதில். வேறு காரணங்களும் உண்டென்று நினைக்கிறேன். ஆயினும் பிள்ளைகளை வாதாட வைத்த பதில் அது.

வேளாண்மைக் குடும்பத்துப் பிள்ளைகள் பெரும்போக வெட்டு முடிந்த பின் கட்டணம் செலுத்தலாம் என்பதை மனதாரப் பாராட்டுகிறேன்.

குறை ரஷ்யப் பாடத்தில் இருக்கிறது. 1861இல் பண்ணையடிமைகள் விடுதலை பெற்றும், கிடைத்த நிலத்துக்காகப் பல பத்தாண்டுகள் மீட்புப்பணம் கட்டிய கதையை ஒரு பந்தியில் முடித்துவிட்டு 1917 புரட்சிக்குத் தாவுகிறார். நிலத்துக்கான அந்த ஏக்கத்தை அறியாத பிள்ளைக்கு, அந்த ஆண்டு ஆட்சியைப் பிடித்த போல்ஷெவிக்குகள், நிலத்தை விவசாயிகளுக்கு வழங்க இட்ட நில ஆணையைக் கிராமங்கள் ஏன் வரவேற்றன என்பது விளங்காது. அந்தப் பகுதிக்கு இன்னும் இரண்டு வாரமாவது ஒதுக்க வேண்டும்.