பேக்லோஃபெனா, டிசானிடினா? தசை விறைப்பு மாத்திரைகள் ஓர் அலசல்

பாரம் தூக்கியதால் இடுப்பில் வரும் தசைப்பிடிப்பும், பக்கவாதத்துக்குப் பிறகு கை மடங்கி இறுகுவதும் வேறு வேறு. பின்னதில் கோளாறு மூளையிலோ தண்டுவடத்திலோ இருக்கிறது. சாதாரணப் பிடிப்புக்குத் தரும் சைக்ளோபென்சாப்ரின் அந்த விறைப்பைக் குறைப்பதில்லை. பிடிப்புக்குக்கூட இரண்டு மூன்று வாரங்களுக்கு மேல் அதைத் தொடர வேண்டியதில்லை.

மூளை, தண்டுவடக் கோளாறால் வரும் விறைப்பு என்றால் போட்டி பெரும்பாலும் பேக்லோஃபெனுக்கும் டிசானிடினுக்கும்தான். 'எது வீரியமானது?' என்றுதான் பலரும் கேட்கிறார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது, சிறுநீரகமும் கல்லீரலும் எப்படி இருக்கின்றன என்பது.

பேக்லோஃபென் பெரும்பாலும் சிறுநீரகம் வழியாகவே வெளியேறுகிறது. சிறுநீரகம் பழுதானவருக்குக் குறைந்த அளவு மாத்திரைகூட உடலில் தேங்கி, குழப்பத்திலும் அரை மயக்கத்திலும் தள்ளிவிடும். டிசானிடினைக் கையாள்வது கல்லீரல். அதனால் ஆரம்ப மாதங்களில் கல்லீரல் ரத்தப் பரிசோதனை தேவை. டிசானிடின் ரத்த அழுத்தத்தையும் இறக்கும். படுக்கையிலிருந்து சட்டென்று எழுந்தால் தலை சுற்றும். வாய் வறண்டுபோகும். சிப்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக், ஃப்ளூவோக்சமைன் என்ற மனநல மருந்து இரண்டையும் இதோடு சேர்க்கவே கூடாது. சிறுநீர்த் தொற்றுக்கு வேறொரு மருத்துவர் சிப்ரோஃப்ளாக்சசின் எழுதுவது சகஜம் என்பதால், எந்த மருத்துவரிடம் போனாலும் இந்த மாத்திரையின் பெயரைச் சொல்லியாக வேண்டும்.

டிசானிடினின் வேலை மூன்று முதல் ஆறு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். குறிப்பிட்ட சில மணி நேரத்துக்கு மட்டும் தளர்வு வேண்டுபவருக்கு அது பொருந்தும். சாப்பாட்டோடு எடுப்பதும் வெறும் வயிற்றில் எடுப்பதும் ஒன்றல்ல. ஏதாவது ஒரு முறையை மாற்றாமல் பின்பற்றுவது நல்லது. தண்டுவடக் காயத்தால் நாள் முழுக்க இழுத்துப் பிடிப்பவருக்கு நான் முதலில் யோசிப்பது பேக்லோஃபென்தான். பொதுவாக 5 மில்லிகிராம், தினம் மூன்று வேளை என்று தொடங்கி மெதுவாகக் கூட்டுவார்கள்.

நோயாளிக்குச் சொல்ல ஒரே ஒரு விஷயம்தான் நேரமிருக்கிறது என்றால், நான் இதைத்தான் சொல்வேன்: பேக்லோஃபெனைத் திடீரென்று நிறுத்தாதீர்கள். வலிப்பு, மாயத்தோற்றம், கடும் காய்ச்சல், முன்னைவிட மோசமான விறைப்பு எல்லாம் வரலாம், உயிருக்கே ஆபத்து. டிசானிடினையும் சட்டென்று விட்டால் ரத்த அழுத்தம் எகிறும். மாத்திரை தீர்வதற்கு ஒரு வாரம் முன்பே வாங்கி வையுங்கள். இரண்டுமே தூக்கத்தைத் தருபவை. மது வேண்டாம், மருந்து எப்படி ஒத்துப்போகிறது என்று தெரியும்வரை வண்டி ஓட்டவும் வேண்டாம்.

அப்புறம், விறைப்பு முழுக்கப் போவது எப்போதும் நல்லதல்ல. காலின் அந்த விறைப்பை ஊன்றித்தான் சிலர் எழுந்து நிற்கிறார்கள். மாத்திரை கூடியபின் கால் மடங்கி விழுந்தால், அளவு அதிகமாகிவிட்டதோ என்று கேட்க வேண்டும்.

விறைப்புக்கு வேறு மருந்துகளும் உண்டு. டான்ட்ரோலீன் நரம்பை விட்டுவிட்டு, தசைக்குள்ளேயே கால்சியம் வெளிப்படுவதைக் குறைக்கிறது. கல்லீரலைக் கடுமையாகப் பாதிக்கக்கூடும் என்பதால் அது முதல் தேர்வல்ல. டயசெபாம் பழக்கமாகிவிடும். ஒரு கை மட்டும் இறுகியிருந்தால் உடல் முழுக்கத் தளர்த்தும் மாத்திரை எதற்கு? அங்கே இறுகிய தசையில் மட்டும் போடும் போட்யூலினம் ஊசிதான் சரி. பலன் ஏறத்தாழ மூன்று மாதம் நிற்கும். அதற்குள் இயன்முறைப் பயிற்சியால் கையை நீட்டிப் பழக்க வேண்டும். ஊசிக்குப் பிறகு விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமப்பட்டால், உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.