ஆன்லைனில் பழைய எச்.எம்.டி.: டயலைப் பார்த்து ஏமாறாதீர்கள்

எச்.எம்.டி. வாட்சஸை மூடும் முடிவு 2016-இல் வந்தது. இன்று விற்பனைத் தளங்களில் 'பழசு, ஆனால் புத்தம் புதுசு' என்று வரும் ஜனதா, பைலட் கடிகாரங்களில் பல, நாலைந்து கடிகாரங்களின் உடல்களைப் பிரித்துச் சேர்த்தவை. டயலுக்குப் புதுப் பெயின்ட். ஆரஞ்சு, பச்சை, ஊதா என்று பளபளத்தால் சந்தேகப்படுங்கள். பெரிதாக்கிப் பார்த்தால் எழுத்தின் ஓரம் பிசிறடிக்கும், நிமிடக் கோடுகள் எண்களோடு ஒட்டாது.

'சர்வீஸ் செய்தது' என்பது பெரும்பாலும் பெட்ரோலில் முக்கி எடுத்து ஒரு சொட்டு எண்ணெய் விட்டதுதான். காய்ந்த எண்ணெய் பிசினாக மாறி ஓட்டத்தைத் தளர்த்தும். ஜனதாவின் இயந்திரத்தில் தேய்மானத்தைக் குறைக்கும் 17 கல், மணிக்கு 18,000 துடிப்பு. பின்மூடியைத் திறந்த படமும், துடிப்பைக் கேட்டு ஓட்டத்தை அளக்கும் கருவியான டைம்கிராஃபரின் அளவும் கேளுங்கள். முழுச் சாவி கொடுத்த நிலையில் ஆம்ப்ளிட்யூட், அதாவது பேலன்ஸ் என்ற சக்கரம் முன்னும் பின்னும் வீசும் கோணம், 250 டிகிரிக்கு மேல் இருந்தால் நல்லது. 200-க்குக் கீழே என்றால் சர்வீஸ் செலவையும் விலையில் சேர்த்துக்கொள்ளுங்கள். படம் தர மறுத்தால் நகர்ந்துவிடுங்கள்.

விற்பவர் பாடும் லேசில்லை. வாங்கிய கடிகாரத்தின் நல்ல இயந்திரத்தை எடுத்துக்கொண்டு ஓட்டை இயந்திரத்தைப் போட்டுத் திருப்பி அனுப்புபவர்கள் உண்டு. அனுப்புமுன் இயந்திரத்தின் கீறல்கள் தெரியும்படி படம் எடுங்கள். பின்மூடியின் உட்புறத்தில் சின்னதாக ஓர் அடையாளம் வையுங்கள். பார்சலில் கடிகாரம் ஆடக்கூடாது. விழுந்தால் பேலன்ஸ் அச்சு உடையும், அதற்கு உதிரி கிடைப்பது குதிரைக்கொம்பு.