பேய் வழக்கில் தடயவியல்: 'தி எசோடெரரிஸ்ட்ஸ்' ஆடிய ஆறு வருடம்

'தி எசோடெரரிஸ்ட்ஸ்' மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசியே கதையை நகர்த்தும் விளையாட்டு. மாதம் இரண்டு வெள்ளிக்கிழமை இரவு, ஐந்து பேர், ஆறு வருடம். கதையை நடத்தும் கேம் மாஸ்டர் பொறுப்பு பெரும்பாலும் என்னுடையது. நம் உலகத்துக்கும் வெளியே இருக்கும் இருளுக்கும் நடுவில் உள்ள சவ்வைக் கிழிக்க ஒரு கூட்டம் பயத்தைப் பரப்புகிறது; 'ஓர்டோ வெரிடாடிஸ்' என்ற ரகசிய அமைப்பின் ஆட்களாக நாம் துப்புத் துலக்க வேண்டும். இதுதான் ஆட்டம்.

இதற்கு முன், எதைச் செய்தாலும் நூறு வரை எண் தரும் பகடையை உருட்டும் ஒரு திகில் விளையாட்டு ஆடினோம். பிணம் கிடக்கும் அறையில் நான்கு பேரும் பகடையில் தோற்றால் கதை அங்கேயே நின்றுவிடும். நானே ஏதாவது சாக்குச் சொல்லித் துப்பைக் கையில் திணிப்பேன். எனக்கே பிடிக்காது.

ராபின் டி. லாஸ் வடிவமைத்த 'கம்ஷூ' என்ற துப்பறியும் விதிமுறையில் 2006-ல் வந்த இந்த விளையாட்டில் அந்தச் சிக்கல் கிடையாது. தடயம் இருக்கும் இடத்தில், உரிய திறன் உள்ளவர் அதைப் பயன்படுத்துவதாகச் சொன்னால் போதும், முக்கியத் துப்பு கிடைத்துவிடும். கைரேகை, ஆவண ஆய்வு, பூச்சிகளை வைத்து இறந்த நேரம் கணிப்பது என்று எல்லாமே தனித்தனித் திறன்கள். கூடுதல் விவரம் வேண்டுமென்றால் அந்தத் திறனில் போட்டுவைத்த புள்ளியைச் செலவழிக்கலாம். சண்டை, துரத்தல், மனம் தடுமாறுவது போன்றவற்றுக்குத்தான் பகடை: ஒற்றை ஆறுமுகப் பகடை, வழக்கமான இலக்கு 4 அல்லது அதற்கு மேல்.

முதல் வருடம் நான் செய்த தப்பு பெரியது. பேய்க்கதைதானே என்று எதைச் சோதித்தாலும் "விசித்திரமாக இருக்கிறது, ஒன்றும் புரியவில்லை" என்று பதில் சொன்னேன். கொஞ்ச நாளில் யாரும் பிணத்தின் பக்கமே போகவில்லை. எங்களில் ஒருவர் மருத்துவமனை ஆய்வகத்தில் வேலை பார்ப்பவர். அவர்தான் கேட்டார்: "அண்ணா, எதைக் கேட்டாலும் தெரியலைன்னா நான் எதுக்கு இதுல புள்ளி போட்டேன்?"

அன்றிலிருந்து ஒரே விதி வைத்துக்கொண்டேன். அறிவியல் எப்போதும் சரியான பதிலையே சொல்லும். அந்தப் பதில் எங்கே கொண்டுபோய் விடுகிறது என்பதில்தான் பயம் இருக்க வேண்டும்.

ஒரு வழக்கைச் சொல்கிறேன். அமெரிக்க நெடுஞ்சாலை ஓரத்து மோட்டல் அறை. தரையில் மல்லாந்து கிடக்கிறார் ஒருவர், காயம் எதுவும் இல்லை. இறந்த பிறகு ரத்தம் உடலின் அடிப்பக்கத்தில் இறங்கித் தேங்கும், தோல் கருஞ்சிவப்பாகும். ஏறக்குறைய 8 முதல் 12 மணி நேரத்தில் அந்த நிறம் நிலைத்துவிடும், அப்புறம் உடலைப் புரட்டினாலும் மாறாது. இவருக்கு முதுகு வெளுத்திருந்தது. மார்பும் வயிறும் சிவந்திருந்தன. குப்புறக் கிடந்தவரை யாரோ புரட்டியிருக்கிறார்கள் என்று எல்லோரும் சொன்னார்கள். நியாயமான முடிவுதான்.

ஆய்வகத் தோழி மட்டும் விடவில்லை. எதன் மீதாவது அழுந்திய இடத்தில் ரத்தம் தேங்காது, அந்த இடம் வெளுப்பாகவே நிற்கும். "மார்புல வெளுப்பு என்ன வடிவத்துல இருக்கு?" என்றார். "வட்டம். ஒரு சாண் அகலம் இருக்கும்." அறையைச் சுற்றிப் பார்ப்பதாகச் சொன்னார். தரையில் வட்டமாக எதுவும் இல்லை. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "நான் மேலே பார்க்கிறேன்" என்றார். கூரையில் வட்டமான ஸ்மோக் அலாரம். அதன் விளிம்பில் இறந்தவருடைய சட்டை நூல்.

மேசையில் யாரும் பேசவில்லை. ராத்திரி முழுக்க அந்த உடல் கூரையில் 'கிடந்திருக்கிறது'. நான் எந்தப் பேயையும் வர்ணிக்கவில்லை.

குறையும் உண்டு. சிலர் திறன் பட்டியலை ஓட்டல் மெனு மாதிரி வரிசையாகப் படிப்பார்கள். "எங்கே பார்க்கிறாய், எதைத் தொடுகிறாய்?" என்று நான் திருப்பிக் கேட்ட பிறகுதான் அது நின்றது. அழுகிய உடல், புழு என்று வரும் வழக்குகளுக்கு முன்கூட்டியே எல்லோரிடமும் சம்மதம் கேட்டுவிடுங்கள். எங்களில் ஒருவருக்கு அது தாங்காது. ஆய்வக முடிவை உடனே கொடுக்காதீர்கள். ரத்தக்கறையை ஒளிரவைத்துக் காட்டும் லுமினால் என்ற ரசாயனம் ப்ளீச் பட்ட இடத்திலும் ஒளிரும் என்பதால் உறுதிப்படுத்த இன்னொரு சோதனை தேவைப்படும். அந்தக் காத்திருப்பில்தான் சாட்சிகளைப் பார்க்கப் போவார்கள், கதை நகரும்.

எனக்கு மிகவும் பிடித்தது வழக்கின் முடிவு. நடந்ததை ஊர் அறியக்கூடாது என்பதால், நம்பும்படியான பொய்க் காரணம் ஒன்றை ஆட்டக்காரர்களே உருவாக்க வேண்டும். ஒரு தடயத்தைக்கூட அந்தப் பொய் மீறக்கூடாது என்று நான் கறாராக நிற்பேன். மோட்டல் வழக்கில், உடலைப் புரட்டியது யார் என்று அறிக்கையில் எழுதியாக வேண்டும். சந்தேகம் நேராக அறையைச் சுத்தம் செய்யும் பெண்மேல் விழும். முக்கால் மணி நேரம் விவாதம் நடந்தது. கடைசியில் தோழி, புகைப்படம் எடுக்கும் முன்பே அவசரப்பட்டு உடலைப் புரட்டியது தானே என்று தன் பாத்திரத்தின் பெயரில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். அந்தப் பாத்திரத்தின் பணிப் பதிவேட்டில் கரும்புள்ளி விழுந்தது.

அதற்கப்புறம் எந்த வழக்கிலும் அந்தப் பாத்திரம் அறைக்குள் நுழைந்ததும் அவர் சொல்லும் முதல் வரி ஒன்றுதான்: "முதல்ல போட்டோ."