6,840 ரூபாய் போச்சு: டிஜிட்டல் ஆங்கிள் பாக்ஸ் ஆன்லைனில் வாங்கப் போகிறவர்கள் படித்துவிட்டுப் போங்கள்

பலகை அறுக்கும் பேனல் சா பிளேடின் சாய்மானம், விளிம்பு சீவும் ஜாயின்டர் மெஷினின் ஃபென்ஸ் (பலகை சாய்ந்து நிற்கும் தாங்கி), அறுக்கும் கோணத்துக்குத் திருப்பி வைக்கும் மைட்டர் கேஜ் இதையெல்லாம் செட் செய்ய எந்தக் கோண அளவி வாங்கலாம் என்று பட்டறைக்காரர்கள் சிலர் என்னிடம் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன். அதற்குள் இன்று காலை ஒரு மெயில்: "உங்கள் புகார் வெற்றிகரமாகத் தீர்க்கப்பட்டது." எதைத் தீர்த்தார்கள்? என் 6,840 ரூபாயை அவர்கள் கணக்கில் தீர்த்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். அதனால் முதலில் இதை எழுதிவிடுகிறேன்.

வாங்கியது ஒரு செட். காந்த அடிப்பாகம் உள்ள டிஜிட்டல் ஆங்கிள் பாக்ஸ் (சாய்வுக் கோணத்தைத் திரையில் காட்டும் சின்னப் பெட்டி) ஒன்று, 150 மி.மீ ஸ்டீல் மூலைமட்டம் ஒன்று, கூடவே ஒரு காலிபிரேஷன் சர்டிபிகேட் (அளவு சரிபார்த்த சான்று). வாங்கிய இடம், தொழிற்சாலைச் சாமான்களும் கைக்கருவிகளும் மட்டுமே விற்கிற ஒரு ஆன்லைன் தளம். சோப்பு, செருப்பு, செல்போன் எல்லாம் விற்கிற பொதுக்கடை இல்லை. கருவி மட்டும் விற்கிறார்களே, கொஞ்சம் தெரிந்தவர்களாக இருப்பார்கள் என்று யாருக்கும் தோன்றும். பெயர் போட விரும்பவில்லை. ஒரு பெயரைப் போட்டால் அதை விட்டுவிட்டு அடுத்த தளத்தில் இதே பெட்டியை வாங்குவீர்கள். இதே கறுப்புப் பெட்டி பல ஸ்டிக்கர்களோடு சுற்றிக்கொண்டிருக்கிறது.

என்னை நம்ப வைத்தது விளம்பரம் இல்லை, ஒரு போன் பேச்சு. பக்கத்தில் "நிபுணரிடம் பேச" என்று ஒரு எண் இருந்தது. அழைத்தேன். எடுத்த பையன் சுத்தமான கொங்குத் தமிழில் பேசினான். என்ன மெஷின், டில்ட் இருக்கா, ஸ்கோரிங் பிளேடு தனியா ஓடுதா என்று அவனாகவே கேட்டான். பிளேடில் வைக்கும்போது கார்பைடு பல் மேல் உட்காராமல் நடுத் தகட்டில் வைக்கணும் என்று சொன்னான். அது சரியான விஷயம். பல் தகட்டைவிடத் தடிமன், அதன் மேல் உட்கார்ந்தால் பாக்ஸ் சாய்ந்துவிடும். "அண்ணே, இது மெஷின் தயார் பண்றவங்களுக்கே போறதுங்க. ஒவ்வொரு பீஸுக்கும் லேப் சர்டிபிகேட் உண்டு. 0.05 டிகிரி வரை பிசகாதுங்க" என்றான். தொழில் தெரிந்த பேச்சு. சர்டிபிகேட்டின் படத்தையும் அனுப்பினான். முத்திரை, கையெழுத்து, சீரியல் நம்பர் எல்லாம் இருந்தது. இதற்கு மேல் ஒரு ஆள் என்னத்தை விசாரிக்க முடியும்? ஜிஎஸ்டி எண்ணைப் போட்டு 6,840 ரூபாயைக் கட்டினேன்.

பெட்டி வந்ததும் சோதித்துப் பார்த்தேன். டேபிளில் வைத்து ஜீரோ. பிளேடை நிமிர்த்தி வைத்தால் 90.00. பாக்ஸை எடுத்துத் திருப்பி வைத்தாலும் அதே. பேஷ் என்று நினைத்து வேலைக்கு எடுத்தேன்.

வேலை என்னவென்றால் வால்நட் வெனீர் (மெல்லிய மரத்தாள்) ஒட்டிய 18 மி.மீ பிளைவுட்டில் பெட்டி ஷெல்ஃப்கள். மூலையில் விளிம்புப் பட்டை தெரியக்கூடாது, வெனீரின் ரேகை அப்படியே மடங்கி ஓட வேண்டும் என்று வாடிக்கையாளர் கேட்டிருந்தார். அதாவது எல்லா மூலையும் 45 டிகிரி மைட்டர், இரண்டு பலகை முனையையும் சாய்வாக அறுத்து மூட்டுவது. பாக்ஸில் 45.00 பார்த்து பிளேடை இறுக்கி அறுத்தோம். மூட்டிப் பார்த்தால் வெளிப்பக்கம் முட்டிக்கொண்டு நிற்கிறது, உள்பக்கம் வாய் பிளந்து நிற்கிறது. ஒவ்வொரு மூலையிலும் அரை மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவாக ஒரு இடைவெளி. வெளிறிய மரமாக இருந்தால் தூள் பிசைந்து அடைத்துவிடலாம். வால்நட்டில் வெளிச்சக் கோடு மாதிரி கண்ணைக் குத்துகிறது. இரண்டு வெனீர் ஷீட் வீண். அது 6,840க்கு வெளியே தனிக் கணக்கு.

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் டூல் ரூமில் இருக்கும் நண்பர் ஒருவரிடம் பாக்ஸை எடுத்துப் போனேன். கிரானைட் சர்ஃபேஸ் பிளேட் (துல்லியமாகத் தட்டையான கல்) மேல் 100 மி.மீ சைன் பார் (கோணம் வைக்கும் எஃகுச் சட்டம்) வைத்து, ஒரு முனைக்குக் கீழே 50 மி.மீ ஸ்லிப் கேஜ் (உயரம் துல்லியமான எஃகுத் துண்டு) கொடுத்தார். சைன் 30 என்பது சரியாக அரை, அதனால் சைன் பார் நிற்பது 30 டிகிரியில். இதில் வாக்குவாதத்துக்கே இடமில்லை. நம்முடைய பெட்டி காட்டியது 30.45. அப்புறம் ஸ்லிப்களைச் சேர்த்து 70.71 உயரம் கொடுத்து 45 டிகிரி வைத்தார். காட்டியது 45.50.

அதாவது 0-வும் 90-ம் சரி, நடுவில் மட்டும் பொய். இந்தப் பெட்டிகளுக்குள் இருப்பது ஈர்ப்பு விசையை இரண்டு திசையில் அளக்கும் சின்ன சென்சார். இரண்டு திசையின் அளவும் ஒன்றுக்கொன்று சமமாகச் சரிசெய்யப்படவில்லை என்றால் பிசகு 0, 90 இரண்டிலும் ஒளிந்துகொண்டு 45-ல்தான் உச்சத்துக்கு வரும் என்று நண்பர் விளக்கினார். நாம் வீட்டில் சோதிப்பது 0-வும் 90-ம்; மெஷினில் காசு போவது 45-ல். திரையில் இரண்டு புள்ளி இலக்கம் ஓடுவதற்கும் அது உண்மையாக இருப்பதற்கும் சம்பந்தமே இல்லை. பிளேடு உண்மையில் 44.5-ல் நின்றிருக்கிறது. ஒரு பலகைக்கு அரை டிகிரி, இரண்டு பலகை சேர்ந்தால் மூலைக்கு ஒரு டிகிரி. 45 டிகிரியில் அறுத்த 18 மி.மீ பலகையின் வெட்டு முகம் சுமார் 25 மி.மீ, அதில் ஒரு டிகிரி என்றால் 0.44 மி.மீ இடைவெளி. என் மூலையில் தெரிந்த அதே கோடு.

மூலைமட்டமாவது தேறுமா என்று பார்த்தால் அது இன்னும் மோசம். நேரான விளிம்பில் வைத்துக் கத்தியால் ஒரு கோடு, திருப்பிப் போட்டு அதே புள்ளியிலிருந்து இன்னொரு கோடு. 150 மி.மீ உயரத்தில் இரண்டு கோடும் 0.6 மி.மீ விலகி நின்றன. திருப்பிப் போடும் சோதனையில் பிசகு இரட்டிப்பாகத் தெரியும், ஆகவே உண்மையான பிசகு 0.3. பெட்டியின் மேல் அச்சடித்திருப்பது "டிஐஎன் 875, கிரேடு 0". அந்த ஜெர்மன் தரத்தில் கிரேடு 0 மூலைமட்டத்துக்கு இந்த நீளத்தில் அனுமதி 8 மைக்ரான் (ஒரு மி.மீட்டரில் ஆயிரம் மைக்ரான்). கடைசி கிரேடான 2-க்கே 35 மைக்ரான்தான். இது 300 மைக்ரான்! ஆசாரி கையால் செய்த மர மூலைமட்டம் இதைவிட உத்தமம்.

இனி அவர்கள் சொன்ன பதில்களைக் கேளுங்கள்.

முதல் பதில்: "பேட்டரி மாத்திப் பாருங்க சார்." மாற்றினேன். அடுத்தது: "நீங்க ஜீரோ பண்ணலை." ஜீரோ செய்யும் வீடியோவை அனுப்பினேன். அப்புறம்: "இரும்பு டேபிள் மேல மேக்னெட் இருந்தா ரீடிங் மாறும்." கிரானைட் மேல் எடுத்த படத்தை அனுப்பினேன். பேசியவன் அதே பையன்தான், குரல் தெரியாதா? கடைசியில் அவன் சொன்னது இது: "தச்சு வேலைக்கு இது போதும் சார், ராக்கெட்டா விடப் போறீங்க?" 0.05 டிகிரி பிசகாது என்று விற்ற வாய் அது.

தளத்தின் வாடிக்கையாளர் சேவை இன்னொரு கூத்து. சாட்டில் முதலில் இயந்திரம் பேசும். மனிதர் வந்ததும் "உங்கள் சிரமம் எங்களுக்குப் புரிகிறது" என்பார், புகாரை "மேல் குழு"வுக்கு அனுப்புவார். மேல் குழு 48 மணி நேரம் கேட்கும். அந்தக் கெடு முடிந்ததும் புகார் தானாக மூடிக்கொள்ளும். திறந்தால் மறுபடி இயந்திரம். இப்படியே 7 நாள் ரிட்டர்ன் கெடு ஓடிப்போனது. கெடுவுக்குள் புகார் செய்ததைக் காட்டியபிறகு ஒரு வழியாக பிக்கப் ஆளை அனுப்பினார்கள். அந்தத் தம்பி கருவியில் உள்ள சீரியல் நம்பரைப் பில்லோடு ஒப்பிட வேண்டும் என்றார். கருவியில் சீரியல் நம்பரே கிடையாது! சர்டிபிகேட்டில் மட்டும்தான் இருக்கிறது. "நம்பர் இல்லாம எடுக்க முடியாதுண்ணா" என்று போய்விட்டார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை.

அப்போதுதான் சர்டிபிகேட்டை நண்பரிடம் காட்டினேன். சிரித்துவிட்டார். ஆய்வகங்களுக்கு அங்கீகாரம் தரும் என்ஏபிஎல் அமைப்பின் அங்கீகாரம் பெற்ற ஆய்வகம் கொடுத்தால் ஆய்வகத்தின் சர்டிபிகேட் எண் இருக்கும், யுஎல்ஆர் என்கிற தனி அறிக்கை எண் இருக்கும், எந்தெந்தக் கோணத்தில் எவ்வளவு காட்டியது, அளவீட்டின் நிச்சயமின்மை எவ்வளவு என்று அட்டவணை இருக்கும். இதில் ஒன்றுமே இல்லை. "திருப்திகரம்" என்று ஒரு வரி, ஒரு ரப்பர் ஸ்டாம்ப். அதைக் கேட்டதும் தளத்திலிருந்து புதுக் காரணம் வந்தது: ஜிஎஸ்டி எண் போட்டு வாங்கியதால் இது வணிகக் கொள்முதல், ரிட்டர்ன் பொருந்தாது, தயாரிப்பாளரை அணுகவும். தயாரிப்பாளர் யார்? பெட்டியில் இறக்குமதியாளர் பெயரும் இல்லை, முகவரியும் இல்லை, எந்த நாட்டுச் சரக்கு என்றும் இல்லை. அதையெல்லாம் அச்சிட வேண்டும் என்று சட்டம் இருக்கிறது.

வணிகக் கொள்முதல் என்று சொல்லி யாராவது வாயடைத்தால் பயப்படாதீர்கள். தன் பிழைப்புக்காகச் சுயதொழில் செய்கிறவர் வாங்கும் கருவி அந்தக் கணக்கில் வராது என்று 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்திலேயே விளக்கம் இருக்கிறது. தளத்தின் குறைதீர்ப்பு அதிகாரி 48 மணி நேரத்துக்குள் புகாரை ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்பது 2020 மின்வணிக விதி. நான் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-ல் புகார் பதிந்துவிட்டேன். அதுவும் நகரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். பொருளின் மதிப்பு 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது. 6,840 ரூபாய்க்கு இவ்வளவா என்று வீட்டில் கேட்கிறார்கள். ஆமாம், இவ்வளவுதான்.

எந்தக் கருவி வாங்கலாம் என்று எழுத வந்தவன், கோபத்தில் அது அப்படியே நிற்கிறது. இப்போதைக்குச் சிலதை மட்டும் சொல்கிறேன். திரையில் ஓடும் இலக்கத்தைப் பார்க்காதீர்கள், பிளஸ் மைனஸ் எவ்வளவு என்று எழுத்தில் கேளுங்கள். பல பெட்டிகள் 0.05 காட்டும், எழுதியிருப்பது 0.2 இருக்கும். 90-ல் சோதித்துவிட்டுத் திருப்தியடையாதீர்கள், பழைய பிளைவுட் துண்டு இரண்டை 45-ல் அறுத்து மூட்டி மூலைமட்டம் வையுங்கள், பிசகு இரட்டிப்பாகத் தெரிந்துவிடும். அந்த மூலைமட்டத்தையும் முதலில் திருப்பிப் போட்டுப் பாருங்கள். மைட்டர் கேஜுக்கு இந்தப் பாக்ஸ் எந்த விலையில் வாங்கினாலும் உதவாது, படுக்கைவாட்டில் திரும்பும் கோணத்தை அதற்கு அளக்கத் தெரியாது. காசு இருந்தால் கோண நிமிடம் 5 வரை (டிகிரியில் பன்னிரண்டில் ஒரு பங்கு) படிக்கும் வெர்னியர் பெவல் புரொட்ராக்டர் (கோணமானி), கடைக்கு நேரில் போய், கையில் எடுத்துப் பார்த்து. பேட்டரியும் வேண்டாம், பையனின் போன் பேச்சும் வேண்டாம்.

சர்டிபிகேட்டில் இருக்கும் சீரியல் நம்பர் கருவியிலும் பொறித்திருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் டெலிவரி ஆள் நிற்கும்போதே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

மீதியை வேறொரு நாள் எழுதுகிறேன். ஷெல்ஃப் வேலை இன்னும் பாக்கி, வெனீர் ஷீட் புதிதாக வாங்க வேண்டும். 1915-ல் புகார் எண் கொடுத்திருக்கிறார்கள், 6,840 ரூபாய் இன்னும் வரவில்லை. வந்தால் இங்கேயே சொல்கிறேன்.